பெண்கள் வேலைக்குப் போனது நூறு வருடக் கதையா?

கேள்வி இதுதான்: "ஆதிகாலத்திலிருந்து பெண்கள் வீட்டோடு இருந்தார்கள், கடந்த நூறு நூற்றைம்பது வருடத்தில்தான் படிப்படியாக வெளியே வந்து வேலை, சொத்து, ஓட்டு எல்லாம் வாங்கினார்கள் என்று படித்திருக்கிறேன். உலகம் முழுக்க இப்படித்தானா?"

இல்லை. பெண்கள் வேலை செய்யாத காலம் என்று ஒன்று எந்த ஊரிலும் இருந்ததில்லை. மாறிக்கொண்டே வந்தது வேறு: அந்த வேலைக்கான காசு யார் கைக்குப் போனது, கடன் யார் பேரில் கிடைத்தது, பத்திரத்தில் யார் கையெழுத்து செல்லும் என்பது. அதுவும் மாடிப்படி மாதிரி ஒரே திசையில் ஏறவில்லை. ஏறி, இறங்கி, சில இடங்களில் ஒரே ஊரில் சில நூறு வருட இடைவெளியில் தலைகீழாகப் போயிருக்கிறது. உலக வரலாறு முழுவதையும் ஒரு பதிலில் அடக்க முடியாது, எனக்கு நன்றாகத் தெரிந்த சில இடங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் அசூர். இன்றைய வடக்கு ஈராக்கில் டைகிரிஸ் நதிக்கரையில் இருந்த நகரம். கி.மு. 1900 வாக்கில் இது வியாபாரிகளின் ஊர். இங்கிருந்து சுமார் 1000 கிலோமீட்டர் தள்ளி, இன்றைய துருக்கியில் இருக்கும் கானெஷ் என்ற ஊருக்குக் கழுதைகளில் வெள்ளீயமும் துணியும் போகும், பதிலுக்கு வெள்ளியும் தங்கமும் வரும். கணவன் கானெஷில் உட்கார்ந்து விற்பான், மனைவி அசூரில் வீட்டுப் பெண்களையும் வேலைக்காரப் பெண்களையும் வைத்துத் துணி நெய்து அனுப்புவாள். இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், கானெஷில் 20,000க்கும் மேற்பட்ட களிமண் பலகைகள் கிடைத்திருக்கின்றன, அவற்றில் ஏகப்பட்டது கடிதங்கள், அந்தக் கடிதங்களில் கணிசமானவை பெண்கள் அனுப்பியவை. லமாசி என்ற பெண் தன் கணவன் புஷுகேனுக்கு அனுப்பிய கடிதங்களைப் படித்தால் நாலாயிரம் வருட இடைவெளி இருப்பதாகவே தோன்றாது. துணியின் அளவு சரியில்லை என்று அவன் குறை சொல்லியிருக்கிறான், இவள் கோபமாகப் பதில் எழுதுகிறாள், அனுப்பிய துணிக்கு வெள்ளி எங்கே என்று கேட்கிறாள். அக்கம்பக்கத்தில் இன்னார் வீட்டுக்கு மேல் வீடு கட்டிவிட்டார், நாம் எப்போது கட்டுவது என்று கேட்கும் கடிதமும் அந்தக் குவியலில் இருக்கிறது. அவர்களுடைய கல்யாண ஒப்பந்தங்களில் யார் பிரிந்து போனாலும் ஒரே அளவு அபராதம் என்று எழுதப்பட்டவை உண்டு.

இப்போது அதே ஊர், சுமார் எண்ணூறு வருடம் கழித்து. அசூர் வியாபாரிகளின் ஊராக இருந்தது போய்ப் படையெடுக்கும் ராஜ்ஜியத்தின் தலைநகரமாகிவிட்டது. கி.மு. 1100ஐ ஒட்டிய சட்டப் பலகைகள் அங்கேயே கிடைத்திருக்கின்றன. கல்யாணமான பெண்ணும் விதவையும் தெருவுக்கு வந்தால் தலையை மூட வேண்டும், அடிமைப் பெண்ணும் விலைமகளும் மூடக் கூடாது, மூடினால் அடி, தலையில் கீல் ஊற்றுவது வரை தண்டனை. பார்த்தும் பிடித்துக் கொடுக்காத ஆணுக்கும் தண்டனை உண்டு. மனைவியைச் சாட்டையால் அடிப்பது, முடியைப் பிடுங்குவது எல்லாம் கணவனுக்குக் குற்றமில்லை என்று தனி விதியே இருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. முன்னது கடிதம், பின்னது சட்டம். கடிதத்தில் வாழ்க்கை தெரியும், சட்டத்தில் ஆள்பவர்களின் ஆசை தெரியும், இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது முழு நியாயம் இல்லை. ஆனாலும் தூரதேச வியாபாரத்தில் மனைவியின் தறிதான் குடும்பத்தின் மூலதனம் என்றிருந்த காலத்தில் அவளுடைய பேச்சுக்கு இருந்த எடை, படைவீரர்களின் ராஜ்ஜியத்தில் இல்லாமல் போனது என்பதை மறுக்க முடியாது. காலம் போகப் போகப் பெண்கள் நிலை உயர்ந்துகொண்டே வந்தது என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த ஊர்தான்.

கிரேக்கத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறேன், ஏனென்றால் அதைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். ஜனநாயகத்தின் பிறப்பிடம் என்று கொண்டாடப்படும் ஏதென்ஸில் ஒரு பெண் தன் பொறுப்பில் செய்யக்கூடிய வியாபாரத்துக்கு உச்சவரம்பு ஒரு மெடிம்னோஸ் பார்லி, அதாவது 50 லிட்டர் சொச்சம் தானியத்தின் மதிப்பு. அதற்கு மேல் என்றால் அப்பாவோ கணவனோ வர வேண்டும். சரி, அப்படியென்றால் அங்கே பெண்கள் வெளியே வரவில்லையா என்றால், ஏழைப் பெண்கள் வந்தார்கள், சந்தையில் விற்றார்கள். அம்மா சந்தையில் ரிப்பன் விற்றாள், ஊரார் குழந்தைக்குப் பால் கொடுத்துக் கூலி வாங்கினாள் என்பதையே ஆதாரமாகக் காட்டி ஒருவன் உண்மையான குடிமகன் இல்லை என்று வழக்குப் போட்டிருக்கிறார்கள், அவன் நீதிமன்றத்தில் 'ஏழைகள் வேறென்ன செய்வார்கள்' என்கிற தொனியில் வாதாடிய பேச்சு இன்றும் இருக்கிறது. வீட்டோடு இருப்பது என்பது அங்கே வசதி படைத்தவர்களின் கௌரவச் சின்னம். இது பல ஊர்களுக்கும் பொருந்தும், நம் ஊருக்கும்தான்.

அதே காலத்தில் எகிப்தில் பெண்கள் தங்கள் பேரிலேயே நிலம் வாங்கினார்கள், விற்றார்கள், வழக்குப் போட்டார்கள். அலெக்சாண்டருக்குப் பிறகு கிரேக்கர்கள் எகிப்தை ஆண்டபோது இரண்டு சட்டமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. கிரேக்கப் பத்திரம் என்றால் பெண்ணுக்கு ஆண் பாதுகாவலர் வேண்டும், எகிப்தியப் பத்திரம் என்றால் வேண்டாம். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் பாத்திரிஸ் என்ற ஊரில் அப்பொலோனியா என்ற பெண்ணுக்கு சென்மோந்திஸ் என்று எகிப்தியப் பெயரும் இருந்தது, இரண்டு விதமான பத்திரங்களையும் அவள் பயன்படுத்தியிருக்கிறாள். அதே பெண், அதே புத்திசாலித்தனம், எந்த எழுத்தரிடம் போனாள் என்பதைப் பொறுத்து அவளுக்குத் துணை தேவைப்பட்டது அல்லது தேவைப்படவில்லை.

அடுத்தது இங்கிலாந்து, விஷயம் பியர். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 'பெண்களைத் தொழிலிலிருந்து விரட்டினார்கள்' என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுவது உண்மையில் எப்படி நடக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

1300களின் தொடக்கத்தில் அங்கே சாதாரண மக்கள் தினமும் குடித்தது ஏல் என்கிற பானம். முளைகட்டிய தானியம், தண்ணீர், நொதி, அவ்வளவுதான். சில நாளில் புளித்துவிடும். அதனால் ஒரே ஆள் பெரிய அளவில் காய்ச்சி வைத்து விற்க முடியாது. வீட்டில் காய்ச்சும் பெண் இந்த வாரம் மிச்சத்தைப் பக்கத்து வீடுகளுக்கு விற்பாள், அடுத்த வாரம் இன்னொருத்தி விற்பாள். பானை, அண்டா, வீட்டு அடுப்பு போதும், தனி முதலீடு வேண்டாம். விலைக்கும் தரத்துக்கும் அரசு விதி இருந்தது, அதை மீறியதாகக் கிராம நீதிமன்றங்களில் போட்ட அபராதப் பதிவுகளில்தான் இந்தப் பெண்களின் பெயர்களை நாம் பார்க்கிறோம். அபராதம் போடாமல் விட்டிருந்தால் வரலாற்றில் அவர்கள் இருந்திருக்கவே மாட்டார்கள், என்ன ஒரு கொடுப்பினை.

அப்புறம் 1348-49இல் கொள்ளைநோய் வந்தது. மக்கள்தொகையில் பெரும்பகுதி போய்விட்டது, மிஞ்சியவர்களுக்குக் கூலி ஏறியது, கையில் காசு புரண்டது, குடிப்பதும் கூடியது. பெண்களுக்கு நல்ல காலம் வந்திருக்க வேண்டும் அல்லவா? கொஞ்ச காலம் வந்தது. ஆனால் தேவை கூடியதும் அது வாராவாரம் மிச்சத்தை விற்கும் சில்லறைத் தொழிலாக இல்லாமல் முழுநேரத் தொழிலாக ஆகத் தொடங்கியது. 1400களில் கடல் கடந்து நெதர்லாந்துப் பக்கத்திலிருந்து ஹாப்ஸ் என்கிற பூ சேர்த்த பியர் வந்தது. ஹாப்ஸ் சேர்த்தால் சீக்கிரம் கெடாது. கெடாது என்றால் பீப்பாயில் அடைத்துத் தூர ஊருக்கு அனுப்பலாம், கப்பலுக்குக் கொடுக்கலாம், படைக்கு மொத்தமாகச் சப்ளை பண்ணலாம். அதற்குப் பெரிய அண்டா வேண்டும், விறகு வேண்டும், ஆட்கள் வேண்டும், அதாவது கடன் வேண்டும். அன்றைய ஆங்கிலேயச் சட்டப்படி கல்யாணமான பெண் தன் பேரில் ஒப்பந்தம் போட முடியாது, பெரும்பாலும் கடன் வாங்கவும் முடியாது. தொழில் சங்கத்தில் உறுப்பினராக இருந்தாலும் நிர்வாகத்தில் இடமில்லை. 1600 வாக்கில் லண்டனிலும் பெரிய ஊர்களிலும் பியர் ஆண்களின் தொழில். அந்த வீடுகளில் மனைவி வேலை செய்யாமல் இருந்திருக்கப் போவதில்லை, ஆனால் பேர் கணவருடையது, கணக்குப் புத்தகம் கணவருடையது.

பெண்கள் பியர் காய்ச்சக் கூடாது என்று நாடு முழுவதற்கும் ஒரு சட்டம் போட்டு யாரும் இதைச் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். தொழில் பெரிதானது, மூலதனம் தேவைப்பட்டது, மூலதனத்துக்கான கதவு ஏற்கெனவே பெண்களுக்குப் பூட்டியிருந்தது. கெட்ட எண்ணம் கொண்ட வில்லன் யாரும் தேவைப்படவில்லை. (ஏல் விற்கும் பெண்கள் ஏமாற்றுக்காரிகள், அழுக்கானவர்கள் என்று கேலிப் பாட்டுகள் வந்தது வேறு கதை, அதுவும் உதவியிருக்கும்.)

நூற்பிலும் இதேதான், இன்னும் வேகமாக. 1760கள் வரை இங்கிலாந்தில் பெண்கள் கூலிக்குச் செய்த வேலைகளில் ஆகப் பெரியது கையால் நூல் நூற்பது. ஒரு நெசவாளிக்கு நூல் கொடுக்கப் பல ராட்டைகள் ஓட வேண்டும். ஜென்னி என்ற நூற்பு இயந்திரம் வந்தது, ஆர்க்ரைட்டின் நீர்ச்சக்கர நூற்பு இயந்திரம் 1769இல் காப்புரிமை பெற்றது, பிறகு மியூல் என்ற இன்னொரு நூற்பு இயந்திரம் வந்தது. மியூலை ஓட்டுவது லங்காஷயரில் ஆண்களின் வேலையாகி, அவர்கள் சங்கம் வைத்து நல்ல கூலி வாங்கினார்கள். அறுந்த நூலை முடிச்சுப் போடும் குறைந்த கூலி வேலை பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும். அந்த இயந்திர நூல் 1820களிலிருந்து கப்பலேறி இந்தியாவுக்கு வந்தபோது நம் பக்கத்திலும் முதலில் அடிவாங்கியது ராட்டைதான். மலிவான இயந்திர நூல் நெசவாளிக்குச் சில இடங்களில் தறியை ஓட்டிக்கொண்டிருக்க உதவியது, ஆனால் ராட்டையில் நூற்று நாலு காசு பார்த்த பெண்களுக்கு, முக்கியமாக விதவைகளுக்கு, அந்த வருமானத்துக்குப் பதில் எதுவும் வரவில்லை. நெசவாளியின் அழிவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம், நூற்றவர்களைப் பற்றி ஒரு பத்தி கூட எழுதுவதில்லை. எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. 1800களில் ஆபீஸ் குமாஸ்தா வேலை ஆண்களுடையது, குமாஸ்தாவாகச் சேர்ந்தவர் ஒருநாள் மேலாளராகலாம், பங்குதாரராகக்கூட ஆகலாம். டைப்ரைட்டர் வந்தது, 1874இல் ரெமிங்டன் விற்பனைக்கு விட்டது, ஆபீஸ்கள் பெருத்தன, பெண்கள் ஆயிரக்கணக்கில் உள்ளே வந்தார்கள். வந்ததும் அந்த நாற்காலியிலிருந்து மேலே போகும் ஏணியை எடுத்துவிட்டார்கள். பெண்கள் நுழைந்ததால் வேலையின் மதிப்பு குறைந்ததா, மதிப்பு குறைந்ததால் பெண்களை விட்டார்களா என்று ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். இரண்டும் ஒன்றையொன்று தள்ளின என்பது என் கணிப்பு.

இனி, இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் கூடவே வரும் அந்த வாக்கியம்: 'முதல் உலகப்போரில் பெண்கள் தொழிற்சாலைக்குப் போனார்கள், அதனால் ஓட்டுரிமை கிடைத்தது.' பள்ளிப் புத்தகத்தில் அழகாக இருக்கும். பிரிட்டனில் நடந்ததைப் பார்ப்போம். ஆண்கள் போர்முனைக்குப் போனதும் வெடிமருந்து ஆலைகளில் பெண்கள் லட்சக்கணக்கில் சேர்ந்தார்கள். டிஎன்டி என்ற வெடிமருந்தைக் கையாண்டவர்களுக்குத் தோல் மஞ்சளாகிவிடும், ஊரில் அவர்களைக் கேனரிக் குருவிகள் என்று கூப்பிட்டார்கள். லீட்ஸ் பக்கம் பார்ன்போ ஆலையில் 1916 டிசம்பரில் நடந்த வெடிவிபத்தில் 35 பெண்கள் செத்தார்கள், போர்க்காலத் தணிக்கையால் அது எங்கே நடந்தது என்றுகூட அப்போது வெளியே சொல்லவில்லை. சரி, 1918இல் ஓட்டுரிமை வந்தது. யாருக்கு? 30 வயதுக்கு மேற்பட்ட, ஓரளவு சொத்துத் தகுதி உள்ள அல்லது அப்படிப்பட்டவரின் மனைவியான பெண்களுக்கு. ஆலையில் மஞ்சளாகிப்போனவர்களில் பெரும்பாலோர் இருபதுகளில் இருந்த வேலைக்காரப் பெண்கள். அவர்களுக்கு ஓட்டு இல்லை. 21 வயதான எல்லாப் பெண்களுக்கும் ஓட்டு 1928இல்தான் வந்தது.

வேலையாவது மிஞ்சியதா என்றால் அதுவும் இல்லை. போருக்கு முந்தைய பழக்கங்களைத் திரும்பக் கொண்டுவர 1919இல் தனிச் சட்டமே போட்டார்கள், ஆண்களுக்கு இடத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சங்கங்களுக்குப் போரின்போதே வாக்குக் கொடுத்திருந்தார்கள். வேலை போன பெண்கள் உதவித்தொகை கேட்டால், வீட்டு வேலைக்குப் போ என்றார்கள், மறுத்தால் தொகை நிறுத்தப்பட்டது. கால்பந்துக் கதை இன்னும் வேடிக்கை. பிரெஸ்டன் நகரத்து டிக் கெர் ஆலைப் பெண்கள் போரின்போது ஒரு அணி தொடங்கினார்கள். 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலில் கூடிசன் பார்க் மைதானத்தில் அவர்கள் ஆடியபோது 53,000 பேர் பார்த்தார்கள். அடுத்த வருடமே, 1921 டிசம்பரில், பெண்களுக்குக் கால்பந்து பொருத்தமான விளையாட்டு இல்லை என்று சொல்லி ஆங்கிலக் கால்பந்துச் சங்கம் தன் கிளப் மைதானங்களில் அவர்கள் ஆடுவதைத் தடைசெய்தது. அந்தத் தடை சுமார் ஐம்பது வருடம் நீடித்தது. இப்போது மகளிர் கால்பந்து 'புதிதாக வளர்ந்து வருகிறது' என்று டிவியில் சொல்லும்போது எனக்குச் சிரிப்புதான் வரும்.

கல்யாணமானால் வேலையை விட்டுவிட வேண்டும் என்ற விதியும் இதே காலத்தில்தான் பல இடங்களில் இறுகியது. பிரிட்டனில் ஆசிரியைகளுக்கு அது 1944இலும், அரசு ஊழியர்களுக்கு 1946இலும் போனது. அயர்லாந்தில் அரசு ஊழியர்களுக்கு 1973. நம் பாட்டிகள் 'வேலைக்குப் போகவில்லை' என்று சொல்வதற்கும் 'போக விடவில்லை' என்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுபோன்ற விதிகளில் இருக்கிறது.

கணினித் துறையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் படிப்பவர்களில் பாதிப்பேர் அங்கேதான் இருப்பீர்கள். 1946இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் எனியாக் என்ற மின்னணுக் கணினியை உலகத்துக்குக் காட்டினார்கள். அதற்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள்: கேத்லீன் மெக்நல்டி, ஜீன் ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான்சஸ் பிலாஸ், ரூத் லிக்டர்மன். இயந்திரத்தைக் கட்டுவதுதான் பெரிய வேலை, அதில் கணக்கை ஏற்றுவது குமாஸ்தா வேலை மாதிரி என்று நினைத்ததால் அது பெண்களிடம் வந்தது. நிரல் எழுதுவதுதான் கடினமான பகுதி என்று பிறகு புரிந்தது, சம்பளம் ஏறியது, மரியாதை ஏறியது, ஆண்கள் வந்தார்கள். 1980களில் வீட்டுக் கணினி வந்தபோது அதைப் பையன்களுக்கான பொருளாக விளம்பரம் செய்தார்கள். அமெரிக்காவில் கணினி அறிவியல் பட்டம் வாங்கியவர்களில் பெண்களின் பங்கு 1984இல் 37 சதவீதத்தைத் தொட்டது, பிறகு இருபதுக்கும் கீழே இறங்கியது. மருத்துவம், சட்டம் எல்லாவற்றிலும் பெண்கள் கூடிக்கொண்டே போன அதே வருடங்களில் இது நடந்தது. பெண்களுக்குக் கணக்கு வராது என்று விளக்கம் சொல்பவர்கள் 1946ஐ எப்படி விளக்குவார்கள் என்று தெரியவில்லை.

அப்படியானால் கடந்த நூற்றைம்பது வருடத்தில் எதுவுமே மாறவில்லையா என்று கேட்பீர்கள். நிறைய மாறியது, ஆனால் மாறியது வேலை அல்ல, வேலையைச் சுற்றியிருந்த சட்டம். இங்கிலாந்தில் மனைவியின் சம்பாத்தியம் மனைவிக்கே என்று 1870இலும், அவளுடைய சொத்து அவளுக்கே என்று 1882இலும் வந்தது. பிரான்சில் கணவனின் அனுமதி இல்லாமல் மனைவி வங்கிக் கணக்குத் தொடங்க 1965 வரை முடியாது. அமெரிக்காவில் பெண் என்பதற்காகக் கடன் மறுக்கக் கூடாது என்ற சட்டம் 1974இல். பியர் காய்ச்சிய பெண்களை வெளியே தள்ளிய அந்தப் பூட்டு திறக்க இத்தனை காலம் ஆகியிருக்கிறது. அதோடு, 1960க்குப் பிறகு கருத்தடை மாத்திரை, எத்தனை பிள்ளை, எப்போது என்பதைப் பெண்ணே முடிவு செய்ய வழி செய்தது. இந்த இரண்டையும் நான் ஓட்டுரிமைக்கு மேலே வைப்பேன், பலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ஓட்டுக்கும் நேர்கோடு கிடையாது. நியூசிலாந்து 1893, பின்லாந்து 1906, இலங்கை 1931, பிரான்ஸ் 1944, சுவிட்சர்லாந்து 1971. ஆம், இலங்கைப் பெண்கள் பிரெஞ்சுப் பெண்களுக்கு முன்னால் ஓட்டுப் போட்டார்கள், 1960இல் உலகத்தின் முதல் பெண் பிரதமரும் அங்கேதான். ஆனால் அதே இலங்கையில் 1948இலும் அடுத்த வருடமும் வந்த சட்டங்கள் மலையகத் தமிழரில் பெரும்பாலோரின் குடியுரிமையையும் ஓட்டையும் பறித்தன. தேயிலைக் கொழுந்து பறித்த தமிழ்ப் பெண் 1930களில் ஓட்டுப் போட்டிருக்கலாம், அவள் மகளால் 1952 தேர்தலில் போட முடியவில்லை. முன்னேற்றப் பட்டியல்களில் '1931' மட்டும் இருக்கும்.

வீட்டு வேலையின் மதிப்பு என்ன என்று கேட்பவர்களுக்கு 1975 அக்டோபர் 24 ஐஸ்லாந்தைக் காட்டலாம். நாட்டின் பெண்களில் சுமார் 90 சதவீதம் பேர் அன்று வேலைக்கும் போகவில்லை, சமைக்கவும் இல்லை, பிள்ளைகளைப் பார்க்கவும் இல்லை. பள்ளிகளும் மீன் ஆலைகளும் படுத்தன, அப்பாக்கள் பிள்ளைகளை ஆபீசுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள், சுலபமாகச் சமைக்க முடியும் என்பதால் கடைகளில் சாசேஜ் தீர்ந்துபோனது. அடுத்த வருடம் சமத்துவச் சட்டம் வந்தது, 1980இல் விக்டிஸ் ஃபின்பொகடோட்டிர் என்ற பெண் அதிபரானார்.

பின்னோக்கிப் போவது பழங்கதை என்று நினைத்துவிட வேண்டாம். ஆப்கானிஸ்தானின் 1964 அரசியலமைப்பு பெண்களுக்கு ஓட்டுரிமை தந்தது. அதன் கீழ் நடந்த 1965 தேர்தலில் பெண்கள் நாடாளுமன்றத்துக்கே போனார்கள். 2021இல் தாலிபான்கள் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து அங்கே ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்கள் படிக்க முடியாது, 2022 டிசம்பரில் பல்கலைக்கழகமும் மூடப்பட்டது, 2024 டிசம்பரில் செவிலியர், பேறுகால உதவியாளர் பயிற்சியையும் நிறுத்தினார்கள். ஆண் மருத்துவரிடம் பெண்ணைக் காட்டத் தயங்கும் குடும்பங்கள் நிறைந்த நாட்டில், ஏற்கெனவே பயிற்சி பெற்ற பெண்கள் ஓய்வு பெற்ற பிறகு பிரசவம் பார்க்க யார் இருப்பார்கள் என்று தெரியவில்லை.